வாளி எந்தப் பக்கம் இருந்தது?

போன மாதம் ஒரு போன் வந்தது. எண் பழக்கமில்லை, குரல் பழக்கம். "தோழர், ஒரு சின்ன சந்தேகம். அந்த நாடகத்துல வாளி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எட்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த நாடகம் அது. நடித்தவர் அவர்தான், ஒற்றை ஆள் நாடகம், மொத்தமே மூன்று தடவைதான் நடந்தது. இப்போது மறுபடி போட நினைக்கிறாராம். பிரதி பழைய லேப்டாப்போடு போய்விட்டது. இயக்கியவர் நாடகத்தையே விட்டுவிட்டு எங்கோ இருக்கிறார். வீடியோ எடுக்கவில்லை, அப்போது அதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. விளக்குப் போட்ட பையன் மட்டும் கிடைத்திருக்கிறான், அவனுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் இரண்டாம் நாள் எந்த விளக்கு எரியாமல் போனது என்பதுதான். "நீங்க எழுதுனதைத் தவிர வேற எதுவும் இல்ல தோழர்" என்றார்.

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். சின்ன அரங்குகளில் நடக்கும் நாடகங்களைப் பற்றிப் பதினைந்து வருடமாக எழுதுகிறேன், பழைய விமர்சனம் ஒன்றைத் தேடி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு அதை எடுத்துப் படித்தேன். அறுநூறு சொல் இருக்கும். "எளிய அரங்கப் பொருட்களைக் கொண்டு", "மௌனத்தையே மொழியாக்கி", "உடலின் அரசியல்", "அபாரமான நிகழ்த்துதல்". வாளி என்ற சொல்லே அதில் இல்லை. நாடகத்தைப் பார்க்காத ஒருவர் படித்தால், அதில் ஒரு பெண் துணி துவைக்கிறாள் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாடி அறை, நாற்பது நாற்காலி, பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். எண்ணிப் பார்த்ததால் சொல்கிறேன், சின்ன அரங்கில் ஆரம்பிப்பதற்கு முன்னால் செய்வதற்கு வேறு வேலை இருக்காது. அவர் வாளியில் தண்ணீரோடு வந்து உட்கார்ந்து ஐம்பது நிமிடம் துவைத்தார், பிழிந்தார், உதறினார். உதறும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்த எங்கள்மேல் தண்ணீர் தெறித்தது. நடுநடுவே பேசினார், ஒவ்வொரு சட்டையும் யாருடையது என்று. கடைசிச் சட்டைக்கு வரும்போது பேச்சு நின்றுவிட்டது. அதைப் பிழியவில்லை. அப்படியே தூக்கிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் தரையில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் ஒரே சீராக இல்லை, முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. விளக்கு எப்போது அணைந்தது என்றே தெரியவில்லை. இருட்டில் ஒன்பது பேரும் கை தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்க்க முயன்றுகொண்டிருந்தோம்.

இதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. "மௌனத்தையே மொழியாக்கி" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன்.

ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் நடக்கும் நாடகத்துக்கு நான் இப்படி எழுதியிருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு இன்னும் ஆறு பேர் எழுதுவார்கள், புகைப்படம் இருக்கும், அச்சடித்த நிகழ்ச்சிக் குறிப்பு இருக்கும், பிரதி புத்தகமாக வரும். நான் கோட்டை விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். ஒன்பது பேர் பார்த்த நாடகத்தில் ஐந்து பேர் நடித்தவரின் நண்பர்கள், இரண்டு பேர் அடுத்த வாரம் அதே அறையில் நாடகம் போடப் போகிறவர்கள், ஒருவர் வேறு ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்து வந்தவர். எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான். நான் எழுதாமல் விட்டது நடக்காத மாதிரிதான்.

இந்த மாதிரி நாடகங்களுக்கு 'ஃப்ரிஞ்ச்' என்று பெயர் வந்ததே ஒரு பத்திரிகைக்காரர் கையால்தான். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது அழைப்பே இல்லாமல் எட்டுக் குழுக்கள் வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டுவிட்டுப் போயின. மறு வருடம் ராபர்ட் கெம்ப் என்ற பத்திரிகையாளர், அவரே நாடகமும் எழுதுகிறவர், விழாவின் ஓரத்தில் நடக்கும் இந்தக் கூத்துகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைப் போட்டார். ஃப்ரிஞ்ச் என்றால் துணியின் ஓரத்தில் தொங்கும் குஞ்சம். அதுவே பெயராக நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கே யார் நாடகம் போடலாம், யார் போடக்கூடாது என்று பொறுக்கி எடுக்கும் குழு கிடையாது. இடம் பிடித்துப் பதிவு செய்தால் போடலாம். வருடத்துக்கு 3,000-க்கும் மேல் நிகழ்ச்சிகள். வாசலில் சலிக்க ஆள் இல்லாததால் அந்த வேலை மொத்தமும் விமர்சகன் தலையில் வந்து விழுகிறது, அவனும் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு பார்த்துவிட்டு ராத்திரி அரைத் தூக்கத்தில் எழுதுகிறான்.

நியூயார்க்கிலும் இதே கதைதான். 1958-இல் ஜோ சீனோ என்பவர் ஆரம்பித்த காஃபே சீனோ என்ற காப்பிக் கடையில் மேடை எட்டடிக்கு எட்டடி, அதுவும் மேசைகளை ஒதுக்கினால்தான். 1961-இல் எலன் ஸ்டூவர்ட் என்பவர் லா மாமா என்ற அரங்கைத் தொடங்கியது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில். பெரிய பத்திரிகைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதபோது வில்லேஜ் வாய்ஸ் என்ற வாரப் பத்திரிகை ஆள் அனுப்பி எழுத வைத்தது. பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளுக்கு, வெளியே நடக்கிற நாடகங்களுக்கென்றே ஓபி விருதை 1956-இலேயே ஆரம்பித்திருந்ததும் அவர்கள்தான். காஃபே சீனோவை 1968-இல் மூடிவிட்டார்கள். இன்று அங்கே என்ன நடந்தது என்று ஆராய்கிறவர்கள் சுவரொட்டிகளையும், சில புகைப்படங்களையும், யாரோ அவசரத்தில் எழுதிய வாரப் பத்தியையும் வைத்துக்கொண்டுதான் மாரடிக்கிறார்கள்.

விமர்சகர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை இன்னொன்று உண்டு. 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று எடின்பரோவில் டாம் ஸ்டாப்பர்ட் என்ற நாடகாசிரியரின் 'ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும் செத்துவிட்டார்கள்' நாடகத்தைப் போட்டது. பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அப்சர்வர் பத்திரிகையில் ரொனால்ட் பிரைடன் மட்டும் தூக்கிவைத்து எழுதினார். அதைப் படித்த கென்னத் டைனன், அப்போது லண்டன் நேஷனல் தியேட்டரில் இலக்கிய மேலாளர், பிரதி வேண்டும் என்று தந்தி அடித்தார். 1967 ஏப்ரலில் அது நேஷனல் மேடையில். ஒரே ஒரு விமர்சனம்.

இந்தக் கதையைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள் நிறைய, நானும் ஒருவன். ஒவ்வொரு மாடி அறைக்குள் நுழையும்போதும் இன்றைக்கு ஒரு ஸ்டாப்பர்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நப்பாசை. அந்த நப்பாசையோடு எழுதும் விமர்சனம் நடிகரைப் பற்றி இருக்காது, "நான்தான் முதலில் சொன்னேன்" என்று பிற்காலத்தில் சொல்வதற்கான அத்தாட்சியாக இருக்கும். அபாரம், மகத்தானது, தவறவிடாதீர்கள். அப்படி நான் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறார்.

எனக்கு அதைவிட நெருக்கமான கதை ஆங்கில நாடகாசிரியர் ஹரால்ட் பின்டருடையது. 1958 மே மாதம் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அவருடைய 'பர்த்டே பார்ட்டி' தொடங்கியது. நாளிதழ்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டன. எட்டுக் காட்சியோடு எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை சண்டே டைம்ஸில் ஹரால்ட் ஹாப்சன் பின்டரைக் கொண்டாடி எழுதியது வந்தது. வந்தபோது பார்ப்பதற்கு நாடகம் இல்லை. அது ஒன்றும் மாடி அறை இல்லைதான், நல்ல பெரிய அரங்கு. ஆனால் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூன்றே காட்சி நடக்கும் நாடகத்துக்கு நான்காம் நாள் வரும் விமர்சனத்தால் ஒரு டிக்கெட்கூட விற்காது. அப்போது அதை யாருக்காக எழுதுகிறோம்? ஆனாலும் பின்டர் அதைப் படித்தார், மேலே எழுதினார்.

சரி, நட்சத்திரம். ஐந்துக்கு எத்தனை என்று போடும் பழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன், ஆனால் அதைத் திட்டுகிறவர்களோடு முழுக்கச் சேரவும் முடியவில்லை. எடின்பரோவில் விமர்சனம் வந்த மறுநாள் காலையே குழுவினர் நான்கு நட்சத்திரம் அச்சடித்த காகிதத் துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தங்கள் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் ஸ்டேப்ளர் வைத்து அடிப்பார்கள். இன்று சாயங்காலம் நாற்காலி நிறைய வேண்டும், அவர்களை யார் குறை சொல்ல முடியும். பிரச்சினை மூன்று நட்சத்திரத்தில்தான். மூன்று என்றால் நன்றாக இருக்கிறது என்றுதான் நான் போடுவேன், அவர்கள் அதைச் சாவுச் சீட்டாக வாங்கிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு குழு, பெயர் வேண்டாம், நான் எழுதிய "முதல் பத்து நிமிடம் அபாரம், அதன்பிறகு நாடகம் தன்னைத்தானே விளக்கிக்கொண்டிருக்கிறது" என்ற வரியிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துச் சுவரொட்டியில் போட்டது. எந்தச் சொல் என்று சொல்ல வேண்டியதில்லை. கோபம் வந்தது, ஆனால் அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

தெரிந்தவர்களைப் பற்றி எழுதுவதுதான் நிஜமான கஷ்டம். இந்த வட்டம் ரொம்பச் சின்னது. இன்றைக்கு நடிப்பவர் நாளைக்கு விளக்குப் போடுவார், மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வெளியே போக ஒரே கதவு, அந்தக் கதவில் வேர்வையோடு, ஒப்பனை பாதி கலைந்த முகத்தோடு நடிகர் நிற்கிறார். "எப்படி இருந்துச்சு தோழர்?" இதற்கு நான் பல வருடமாகச் சொல்லிவந்த பதில், "அந்த விளக்கு நல்லா இருந்துச்சு." எல்லாருக்கும் அது என்ன அர்த்தம் என்று தெரிந்துபோய்விட்ட பிறகு வேறு பதில் தேட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சொல்லி, "அங்க ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். பாராட்டு வரும் என்று நிற்கிறவருக்கு ஒரு நொடி முகம் சுருங்கும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் பேசத் தொடங்கிவிடுவார்கள், பேச்சு பாதி ராத்திரி வரை போகும்.

நண்பர் என்பதற்காகத் தேன் தடவி எழுதியதுண்டு, அது படிப்பவர்களுக்குச் செய்யும் மோசடி, எல்லாரும் சொல்வதுதான். நாடகக்காரருக்கும் அது நல்லதில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஒரு இயக்குநர் என்னிடம் சொன்னார், "நல்லா இருக்குன்னு நாலு பேர் எழுதிட்டாங்க, யாராவது நாடகத்தைப் பத்தி எழுதினா நல்லா இருக்கும்."

கடுமையிலும் நான் யோக்கியன் இல்லை. முதல் நாடகம் போட்ட இளைஞர் குழு ஒன்றைப் பற்றி எழுதும்போது, முக்கியப் பாத்திரத்தில் நடித்தவர் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டதைக் கிண்டலடித்து, கதாநாயகனுக்குக் கைரேகை சாஸ்திரத்தில் ஆர்வம் அதிகம் போலிருக்கிறது என்று எழுதினேன். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், விளக்குப் போட வந்தவர் காலையில் பிரதியை வாங்கி மாலையில் மேடையேறியிருக்கிறார், மறந்துபோகும் வசனங்களின் முதல் சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு. நான் அவரைப் புகழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாடகம் தடுமாறியது, அது உண்மை. ஆனால் வெளியே வரும்போது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கைக்குக் காரணம் கிடைத்திருக்கும், காரணத்தோடு எழுதியிருந்தால் அது வேறு விமர்சனம். அன்று இரவு அங்கே நடந்ததிலேயே சுவாரஸ்யமான விஷயம் அதுதான், அதைக் கண்ணால் பார்த்தும் நான் தவறவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்கு வந்த பழக்கம், எது அவர்கள் வேண்டுமென்று செய்தது, எது வேறு வழியில்லாமல் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது. விழாக்களில் ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை ஏழெட்டு நாடகம் நடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி, இருபது நிமிடம் இருந்தால் பெரிது. அதற்குள் முந்தைய கூட்டம் வெளியேறி, பொருட்களை அள்ளி, தரையைத் துடைத்து, அடுத்தவர்கள் உள்ளே வர வேண்டும். அதனால்தான் அந்த நாடகங்கள் எல்லாமே ஒரு மணி நேரம், அதனால்தான் எல்லாவற்றிலும் இரண்டு நாற்காலியும் ஒரு பெட்டியும். விளக்குகளும் பொதுதான், காலையில் குழந்தைகள் நாடகத்துக்கு எரிந்த அதே விளக்கு ராத்திரி கொலைக்கும் எரியும். இது தெரியாமல் "அரங்க அமைப்பில் கற்பனை வறட்சி" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசம், அதே இரண்டு நாற்காலியைப் பார்த்துவிட்டு "துணிச்சலான எளிமை" என்று எழுதுவது. நான் எழுதியிருக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு மன்னிப்பு வழங்கும் மனநிலைக்குப் போய்விடவும் கூடாது. காசு இல்லை என்பதால் விளக்கு மங்கலாக இருக்கலாம், வசனம் மங்கலாக இருக்கக் காசு காரணம் இல்லை.

ஜெர்மன் எழுத்தாளர் கதே 1820-களின் தொடக்கத்தில் இத்தாலிய எழுத்தாளர் மன்சோனியின் நாடகம் ஒன்றைப் பற்றி எழுதும்போது, ஆசிரியர் என்ன செய்ய நினைத்தார், அது செய்யத் தக்கதா, எவ்வளவு தூரம் செய்தார் என்று பார்க்கச் சொல்கிறார். இருநூறு வருடமாக விமர்சகர்கள் இதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். சின்ன அரங்கில் இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது, என்ன நடந்தது? யார் எங்கே நின்றார், கையில் என்ன, எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, எந்த இடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. இப்போது என் விமர்சனங்களில் பாதி இதுதான். அலுப்பாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார், போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும். "நெகிழ வைத்தது" என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும், எது நெகிழ வைத்தது என்று எழுத ஒரு ராத்திரி ஆகிறது, பல சமயம் எழுதி முடிக்கும்போது நெகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தும் போகிறது, அப்போது முதலில் நினைத்த தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. சொட்டும் சட்டைக்கு நான் அன்றே இப்படிச் செய்திருந்தால் அந்த நாடகத்தின் நடுவில் ஒரு கால் மணி நேரம் தொய்ந்துபோனதையும் எழுதியிருப்பேன். தொய்ந்ததுதான். அபாரம் என்ற சொல் அதையும் மூடிவிட்டது.

குறிப்பு எடுப்பது தனி அவஸ்தை. ஒருமுறை முனையில் விளக்கு வைத்த பேனா ஒன்றை வாங்கிப் பெருமையாக எடுத்துப்போய், முழு இருட்டில் நடக்க வேண்டிய காட்சியில் அழுத்திவிட்டேன், மேடையில் இருந்தவர் வசனத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் பார்த்தது, பதினோரு பேர். அதற்கப்புறம் இருட்டிலேயே கிறுக்குகிறேன், வரிமேல் வரி ஏறி, வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி புரியாது. நான் இடதுகைக்காரன் வேறு, அதனால் எந்த அரங்கிலும் முன்வரிசையில் இடது ஓரம்தான் என் இடம், பக்கத்து ஆளை முழங்கையால் இடிக்காமல் எழுதலாம். குழுக்களுக்கு இது தெரியும், அந்த நாற்காலியில் யாராவது உட்காரப் போனால் எழுப்பி விடுவார்கள். ஓசி டிக்கெட்டில் வருகிறவனுக்கு இவ்வளவு மரியாதை.

போன் வந்த அன்று அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டைப் பெட்டியின் அடியில் கிடந்தது. அந்த நாடகத்துக்கு ஒரே ஒரு பக்கம். "சட்டை — அப்பா?" என்று ஒரு வரி. "கொடி" என்று ஒரு சொல், அதற்கு ஒரு அடிக்கோடு. கீழே பெரிதாக "அபாரம்!!" பக்கத்தின் கீழ்ப்பாதியில் மை கரைந்து நீலமாகப் படர்ந்து, ஒன்றும் படிக்க முடியவில்லை, காகிதமே அங்கே அலை அலையாக நின்றுவிட்டது. வாளி எங்கேயும் இல்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், "மன்னிக்கணும் தோழர், இவ்வளவுதான் இருக்கு" என்று எழுதி.

ஐந்து நிமிடத்தில் போன்.

"தோழர், இந்த மை கரைஞ்சிருக்கே, இது என் தண்ணிதானே?"

"உங்க தண்ணிதான். நோட்டை மடியில வச்சிருந்தேன்."

"எப்பவும் மாதிரி ஓரத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா, இடது ஓரம்."

"அப்போ வாளியும் அந்தப் பக்கம்தான். நடுவுல இருந்திருந்தா இவ்வளவு தூரம் தெறிச்சிருக்காது." கொஞ்ச நேரம் பேச்சில்லை, அவர் மனதுக்குள் அந்த அறையில் நடந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. "இருங்க. இடதுன்னா உங்க இடதா, என் இடதா?"

"என் இடது. நான் உங்களைப் பார்த்துல்ல உட்கார்ந்திருந்தேன்."

"சரி சரி. அப்போ எனக்கு வலது." எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.